முதல் வரி மட்டும்

ஏப்ரல் 3, வியாழன்

விடிய விடிய மழை. மைதானம் குழைந்து கிடந்தது. இன்றைக்கு ஓட்டம் இருக்காது என்று பயிற்சிப் பிள்ளைகள் முகத்தில் ஒரு களை. ஓடவைத்தேன். கடைசிச் சுற்றில் கால் எது, சேறு எது என்று யாருக்கும் தெரியவில்லை. என் தொண்டைக்காக எனக்கு ‘வெண்கலம்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். தெரியாததுபோல் இருந்துகொள்கிறேன். இன்று அதைவிட மோசமான பெயர் ஒன்று கிடைத்திருக்கும்.

மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும்போதே உறுதிமொழி சொல்லவைத்தேன். பயிற்சி சார்ஜென்ட் ஆன நாளிலிருந்து இதுதான் என் வழக்கம். மூச்சு இருக்கும்போது யார் வேண்டுமானாலும் அழகாகச் சொல்வார்கள். மூச்சு முட்டும்போதும் வரவேண்டும்.

மற்ற முகாம்களில் அதிகாரி ஒலிபெருக்கியில் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அணி கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லும். இங்கே அது கிடையாது. அதிகாரி முதல் வரியை மட்டும் கொடுப்பார். மிச்சத்தை அணியே சொல்லும், மனப்பாடமாக, ஒரே குரலில். நான் வருவதற்கு முன்னாலிருந்தே இந்த முகாமின் வழக்கம் இது. தம்பி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பெருமையடிப்பேன். அவன் தலைமையகத்தில் மேஜர். “போதும்கா, போன தடவையும் இதையேதான் சொன்னே” என்பான்.

கண்டக்டர் இன்றும் முந்திக்கொண்டாள். பட்டாளத்தில் சேர்வதற்கு முன்னால் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

“எல்லாரும் ஏறினப்புறம்தானே விசில் அடிப்பே?”

“ஆமா மேடம்.”

“அப்ப இங்க மட்டும் என்ன அவசரம்?”

பின்வரிசை சிரித்தது. பின்வரிசைக்கு இன்னொரு சுற்று.


ஏப்ரல் 7, திங்கள்

அதிபரின் பதவிக்காலம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. இன்று வானொலியில் பேசினார்: தேர்தல் இப்போதைக்கு இல்லையாம். நிலைமை சீராகும்வரை அவரே நாட்டைச் சுமப்பாராம். யார் சுமக்கச் சொன்னார்கள்? அரசியல் சட்டத்தில் தேர்தலுக்குத் தேதி இருக்கிறது. ‘இப்போதைக்கு’ என்று ஒரு சொல் அதில் எங்கும் இல்லை.

வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டதில் ஒரு லாபம், ஊர் என்ன படிக்கிறது என்று தெரிந்துவிடும். “இன்னிக்கு வந்தவங்க எல்லாம் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு அதே செய்தியைப் படிச்சாங்க” என்றார். “கண்ணுல கோளாறுன்னு நினைச்சாங்க போல.”


ஏப்ரல் 12, சனி

கர்னல் கூப்பிட்டனுப்பினார். முகாமின் தலைவர். இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு பெறப்போகிறார். எதைச் சொன்னாலும் “ஆகட்டும்” என்பார். மழை வருது சார் – ஆகட்டும். கூரை ஒழுகுது சார் – ஆகட்டும். நல்ல மனிதர், ஆனால் ஒன்றுக்கும் உதவமாட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மேசையில் ஒரே ஒரு தாள். புது உறுதிமொழி. வருகிற மூன்றாம் தேதி பயிற்சி நிறைவு அணிவகுப்பில், முறைப்படி பட்டாளமாக, இந்த அணி சொல்லவேண்டியது.

முதல் வரியில் கை வைக்கவில்லை: ‘முழு மனத்தோடும் சுயநினைவோடும் உறுதி சொல்கிறேன்.’ அதற்குப் பிறகுதான் வேலையைக் காட்டியிருக்கிறார்கள். எங்களுடையது இப்படிப் போகும்:

இந்நாட்டின் அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன்.
அதை மீற வருபவர் எவராயினும் எதிர்த்து நிற்பேன்.
என் உயிர் அதற்குப் பின்னால்தான்.

புதியது: அதிபருக்கு உண்மையாக இருப்பேன். அவர் ஆணையை மீற வருபவர் எவராயினும் எதிர்த்து நிற்பேன். என் உயிர் அவருடையது.

‘எவராயினும்’ என்ற சொல்லை விட்டுவைத்திருக்கிறார்கள். பழைய வரியில் அந்த எவராயினும் அதிபரையும் சேர்த்துத்தான். அது அவருக்கு உறுத்தியிருக்கிறது. புதிய வரியில் நாட்டில் உள்ள அத்தனை பேரும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறோம், அவரைத் தவிர.

“திங்கள்லேருந்து இதைச் சொல்லிக்கொடுக்கணும்” என்றார் கர்னல், தாளைப் பார்த்தபடி.

“முடியாது சார்.”

தலை நிமிர்ந்தது. இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னதில்லை. ஏதோ சொல்ல வந்து மென்று விழுங்கினார். பிறகு, சத்தியமாக, “ஆகட்டும்” என்றார்.


ஏப்ரல் 13, ஞாயிறு

கோபத்தில் சொல்லிவிட்டேனோ என்று காலையில் ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொண்டேன். இல்லை. அதே பதில்தான் வருகிறது.


ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்றும் இன்றும் பழையதையே சொல்லவைத்தேன். யாரும் தடுக்கவில்லை. இன்னும் எழுத்தில் ஆணை வரவில்லை, வரும்.

ஒன்றை எனக்குள் நேர் செய்துகொள்ள வேண்டும். கீழ்ப்படியச் சொல்லிக்கொடுத்தே வயிறு வளர்த்தவள் நான். ‘ஏன்’ என்று கேட்டவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவள். இப்போது நானே முடியாது என்கிறேன். ஆளுக்கொரு ஆணையைப் பொறுக்கிக்கொண்டால் பட்டாளம் பட்டாளமாக இருக்குமா? துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் இஷ்டத்துக்கு ஆடினால் ஊர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

தெரியும். அதனால்தான். எங்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்த ஊர், இதை இன்னாருக்காக மட்டும் தூக்காதே என்று எழுதி வாங்கியிருக்கிறது. நாங்கள் கைதூக்கிச் சொன்னது அதைத்தான். ஓடு என்றால் ஓடுகிறேன். சேற்றில் படு என்றால் படுக்கிறேன். ஓர் ஆளுக்குச் சொந்தமாகு என்றால்? அந்த அதிகாரம் மேலே இருக்கிற யாருக்கும் இல்லை. நான் மீறுவது ஆணையை இல்லை, ஆணை மாதிரி வேஷம் போட்டு வந்த ஒன்றை.

ஆனால் பிள்ளைகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். தூண்டிவிட்டேன் என்ற பேச்சே வரக்கூடாது. கற்றுக்கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான் என் எல்லை.


ஏப்ரல் 20, ஞாயிறு

தம்பி வந்தான். சீருடை இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல். முகாமில் பார்த்தால் நான் அவனுக்கு சல்யூட் அடிக்கவேண்டும். வீட்டில் காதைத் திருகலாம். இன்று இரண்டுக்கும் மனசில்லை.

மூன்றாம் தேதி உறுதிமொழி சொல்லவைக்க வருவது அவன்தானாம். தலைமையகம் அவனைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. அக்கா முரண்டு பிடிக்கிறாள், தம்பியை அனுப்பினால் அடங்குவாள் என்று யாரோ மூளைக்காரர் யோசித்திருக்கிறார்.

“வார்த்தைதானேக்கா. நாலு வார்த்தை. சொல்லிட்டுப் போயிடலாம். நாளைக்கு ஆட்சி மாறினா அதுவும் மாறும்.”

“வெறும் வார்த்தைதான்னா எதுக்குடா மெனக்கெட்டு மாத்துறாங்க?”

“உன்னைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க. வேலை போகும், வீடு போகும். மாமாவை நெனைச்சுப் பாத்தியா?”

மாமா அடுக்களையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே, “என்னை எதுக்கு நடுவுல இழுக்குறே? நான் கண்ணாடி விக்கிறவன்” என்றார்.

“நீயும் சொன்னவன்தானேடா” என்றேன். “கையைத் தூக்கிச் சொன்னப்ப எப்படி நின்னே? அன்னிக்கு உன் முகத்தைப் பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “எனக்குக் குழந்தை இருக்குக்கா” என்றான். அவனுக்கு இருப்பது எனக்குத் தெரியாதா? அவள் பல் முளைத்தபோது முதலில் கடித்ததே என் விரலைத்தான். கோபம் கோபமாக வந்தது, அவன்மேல் இல்லை. இப்படி ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து வரவழைத்தவர்கள்மேல்.


ஏப்ரல் 22, செவ்வாய்

எழுத்தில் வந்துவிட்டது. நானும் எழுத்தில் கொடுத்துவிட்டேன். ஒரே வாக்கியம்: நான் எடுத்த உறுதிமொழிக்கு எதிரான எதையும் கற்றுக்கொடுக்க என்னால் இயலாது.


ஏப்ரல் 23, புதன்

பயிற்சியிலிருந்து நீக்கம். விசாரணை முடியும்வரை குடியிருப்பை விட்டு வெளியே போகக்கூடாது. வாசலில் காவலுக்கு ஒரு கார்ப்பரல். நான் பழக்கியவன்தான். தரையைப் பார்த்துக்கொண்டே, “மேடம், நீங்க வெளிய வரக்கூடாதாம்” என்றான்.

“வரல. நீ மொதல்ல நிமிர்ந்து நில்லு. காவல் நிக்கிறியா, பஸ்ஸுக்கு நிக்கிறியா?”

நிமிர்ந்தான்.

எங்கள் குடியிருப்புக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒரு மதில்தான். பார்க்க முடியாது. கேட்கலாம். புதிதாக வந்த ஆள் கட்டளை கொடுப்பது கேட்டது. தொண்டையிலிருந்து கத்துகிறார், வயிற்றிலிருந்து வரவில்லை. ஒரு வாரத்தில் குரல் போய்விடும். எனக்கென்ன. எனக்கென்ன என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.


ஏப்ரல் 28, திங்கள்

அவர் கடையில் கேட்டு வந்த செய்தி. பிள்ளைகளுக்குப் புது உறுதிமொழி அச்சடித்த தாள் கொடுத்திருக்கிறார்கள். மனப்பாடம் பண்ணவைக்க நேரமில்லையாம். அதனால் மேஜர் வரிவரியாக வாசிப்பார், அணி திருப்பிச் சொல்லும். நடைக்கு மட்டும் ஒத்திகை நடக்கிறது.

“இங்க முதல் வரி கொடுத்தா அணி நிக்காது, மிச்சத்தைத் தானே சொல்லிட்டுப் போயிடும்னு யாருமே தலைமையகத்துக்குச் சொல்லலையா?” என்று கேட்டேன்.

“எல்லாம் தயாரான்னு கர்னலைக் கேட்டாங்களாம்.”

“அவர் என்ன சொன்னார்?”

“வேற என்ன சொல்வார்? ஆகட்டும்.”

ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. பிள்ளைகள் வாயில் பழையது வந்துவிட்டால் அவர்கள் கதி? வராவிட்டால் நான் பழக்கியது என்ன? – இரண்டில் எதற்கு வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.


மே 1, வியாழன்

கண்டக்டர் வந்துவிட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் புல் வெட்டும் வேலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கார்ப்பரலுக்குத் திடீரென்று காது கேட்கவில்லை.

“மேடம், நாளன்னிக்கு நாங்க என்ன சொல்லணும்?”

“அதை நான் சொல்ல மாட்டேன்.”

“சும்மா ஒரு கோடு காட்டுங்க மேடம். எல்லாரும் கேக்கச் சொன்னாங்க.”

“தூக்கப்போறது யார் கை?”

“எங்க கை.”

“அப்ப என்கிட்ட ஏன் கேக்குற? போய் வேலையைப் பாரு.”

கத்தரி சத்தம் நகர்ந்து போனது. கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். அவளை அந்தக் கேள்வியோடு தனியாக அனுப்பியது எனக்கும் சுலபமாக இல்லை. ஆனால் நான் சொல்லி அவள் சொன்னால், அது என் உறுதிமொழி. அவளுடையது இல்லை.


மே 3, சனி

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் வாத்தியம், நடை, தலைமையகத்திலிருந்து வந்த தளபதிக்கு மரியாதை. எல்லாம் ஜன்னலில் நின்று கேட்டேன். அவரும் கடை திறக்கவில்லை, என் பக்கத்தில் நின்றார். பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. தம்பி குரல். முதல் வரி: “முழு மனத்தோடும் சுயநினைவோடும் உறுதி சொல்கிறேன்.”

நிறுத்தினான்.

அணி சொன்னது. முதல் வரியோடு நிற்கவில்லை. இந்நாட்டின் அரசியல் சட்டத்துக்கு – போய்க்கொண்டே இருந்தது. கண்டக்டர் அரை அடி முன்னால். மூன்றாம் வரிசை கொஞ்சம் பின்னால், சந்தேகத்தோடு. ஆனாலும் கடைசி வரைக்கும் போனது. என் உயிர் அதற்குப் பின்னால்தான்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. என் கையை அவர் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஒலிபெருக்கியை மூட மறந்துவிட்டார்கள். தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு, “என்னய்யா இது? மறுபடியும் சொல்ல வைங்க. ஒவ்வொரு வரியா!” என்பது ஊருக்கே கேட்டது.

தம்பி தொண்டையைச் செருமினான். இப்போது அவன் இரண்டாவது வரியிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். வரிக்கு வரி திருப்பிச் சொல்லுங்கள் என்று அறிவித்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. அதே முதல் வரியைக் கொடுத்துவிட்டு நின்றான்.

இரண்டாம் தடவை அணி சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். யாரும் முந்தவில்லை, யாரும் பிந்தவில்லை. மூன்றாம் வரிசையும் சேர்ந்துகொண்டது. இத்தனை வருஷத்தில் எந்த அணியிடமும் அப்படி ஒரு ஒழுங்கை நான் வாங்கியதில்லை. ‘எவராயினும்’ என்ற இடத்தில் மதிலே அதிர்ந்தது.

பிறகு தளபதியே மைக்கைப் பிடுங்கினார். “அதிபருக்கு உண்மையாக இருப்பேன்!” என்றார். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. இன்னொரு தடவை சொன்னார். இல்லை. மைதானம் முழுக்க ஆள் நிற்கிற இடத்தில் அவர் குரல் மட்டும் தனியாகப் போய்வந்தது.

நான் அழுதேன். கார்ப்பரல் வாசலில் நின்றபடியே மூக்கை உறிஞ்சினான். அவனைத் திட்ட வாய் வரவில்லை.


மே 5, திங்கள்

தம்பியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கர்னலுக்கும் விசாரணை. அணி முழுவதும் தங்குமிடத்தை விட்டு வெளியே வரக்கூடாது.

ஒரு வக்கீல் கேப்டன் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, மரியாதையான பேச்சு. விஷயத்தைப் பெரிதாக்க மேலே விருப்பமில்லையாம். பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டது – எல்லோரும் அப்படிச் சொல்லிவிட்டால் போதும். அடுத்த மாதம் சத்தமில்லாமல் புதிதாகச் சொல்லவைத்துவிடலாம். மேஜர் வீட்டுக்குப் போகலாம். பயிற்சி கொடுத்தவள் என்ற முறையில் என் வாக்குமூலம்தான் முக்கியமாம்.

“நீங்க ‘தவறு’ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் மேடம்.”

இவர்களுக்கு எல்லாமே ஒரு வார்த்தைதான்.


மே 9, வெள்ளி

தம்பி மனைவி வந்தாள், குழந்தையோடு. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவள், குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை. இன்று உயர்த்தினாள்.

“உங்களுக்கு அண்ணி, எல்லாமே மைதானம். எனக்கு அவர் வேணும். ஒரு வார்த்தை சொல்லிட்டா வந்துடுவார். அதைக்கூடச் சொல்ல மாட்டீங்களா?”

நான் என்ன சொல்வது? கொள்கை பேசுகிற இடமா அது? குழந்தை என் மடியில் ஏறிக்கொண்டு, “அத்தை, அப்பா எங்க?” என்றாள். வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். பொய் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவள் போனபிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன குறைந்துவிடும்? நடந்தது நடந்ததுதான், ஊர் முழுக்கக் கேட்டதுதான். நாலு சுவருக்குள் நான் தவறு என்று சொன்னால் அது தவறாகிவிடுமா?

ஆகிவிடும். அதுதான் சிக்கல். எழுதி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகள் தெரியாமல் உளறினார்கள் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஆனால் என் தம்பி. ஐயோ, என் தம்பி.


மே 16, வெள்ளி

இன்று விசாரணைக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள். முதலில் பிள்ளைகள், ஒவ்வொருவராக. என் முறை திங்கள்தான் என்று சொல்லி நடைகூடத்தில் காக்கவைத்துவிட்டார்கள்.

உள்ளே நடந்தது வெளியே வந்தவர்கள் முகத்திலேயே தெரிந்தது. பழக்கத்தில் வந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, இல்லை, இல்லை. காலையிலிருந்து அதேதானாம். கண்டக்டர் மட்டும், “தவறு நடந்துச்சு சார்” என்றாளாம். விசாரணை பண்ணுகிற பிரிகேடியர் உயிர் வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, என்ன தவறு என்றாராம்.

“மொத தடவை நான் கொஞ்சம் முந்திட்டேன் சார். ரெண்டாவது தடவை சரி பண்ணிட்டேன்.”

இதைக் கதவுக் காவலர் எனக்குச் சொன்னார், சிரிக்கக் கூடாத முகத்தோடு.

தம்பியையும் அந்த வழியாகத்தான் கூட்டிப்போனார்கள். தாடி வளர்ந்திருந்தது. என் பக்கத்தில் வந்ததும் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். அவிழவே இல்லை அது.

“மறந்துட்டேன்னு சொல்லச் சொல்றாங்கக்கா. இந்த முகாம் வழக்கம் தெரியாதுன்னு.”

“தெரியாதா உனக்கு?”

“வருஷக்கணக்கா நீ அதையே சொல்லி என் காதைத் துளைச்சே. எப்படித் தெரியாம போகும்?”

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவன். அப்போதே முடிவு பண்ணிவிட்டானா? இல்லை மைக்கைப் பிடித்தபோதா? கேட்க நேரமில்லை.

“என்னைக் காப்பாத்துறேன்னு எதையாவது சொல்லித் தொலைச்சிடாதே” என்றான். “வெக்கக்கேடு.”

காவலர் தோளைத் தொட்டார். எழுந்து போனான். நிமிர்ந்துதான் போனான்.


மே 19, திங்கள்

பிரிகேடியர் நேராக விஷயத்துக்கு வந்தார். “நீங்க தினமும் சொல்ல வச்ச பழக்கம். அதனால வாய் தவறி வந்துச்சு. அப்படித்தானே?”

“இல்ல சார்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுட்டுத்தான் வந்தேன். மொத தடவையைப் பழக்கம்னு சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். மூணாவது வரிசை பிந்துச்சு, ஒருத்தி முந்தினா. ரெண்டாவது தடவை ஒரு குரல்கூடப் பிசகல. பழக்கத்துல வர்றது அப்படி வராது சார். என்ன சொல்றோம்னு தெரிஞ்சு சொன்னாத்தான் அப்படி வரும். நான் எத்தனையோ அணி பாத்தவ.”

“இதனால யார் யாருக்கு என்ன ஆகும்னு தெரியுமா? உங்க தம்பி –”

“அவரைப் பத்தி அவர்கிட்ட கேளுங்க. பதில் சொல்ல அவருக்கு வாய் இருக்கு. என் அணியைப் பத்தி நான் சொல்றேன். என் பிள்ளைங்க மைதானத்துல தப்பு பண்ண மாட்டாங்க.”

அறையில் அத்தனை பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். என் தொண்டை கொஞ்சம் அதிகமாகவே ஒலித்திருக்கும். வெண்கலம்தானே.


ஜூன் 11, புதன்

தீர்ப்பு. பிள்ளைகள் விஷயத்தில்தான் வேடிக்கை.

இராணுவச் சட்டப்படி தண்டிக்கவேண்டும் என்று அரசு வக்கீல் எழுந்தாராம். அப்போது கர்னல் கை தூக்கியிருக்கிறார். இத்தனை காலமும் ஆகட்டும் தவிர வேறு பேசாத மனிதர் கேட்டாராம்: “அவங்க சொன்ன உறுதிமொழி செல்லுமா, செல்லாதா? செல்லாதுன்னா அவங்க இன்னும் பட்டாளமே இல்ல, உங்க சட்டம் அவங்களைத் தொடாது. செல்லும்னா, அரசியல் சட்டத்தைக் காப்பாத்துவேன்னு சொன்னவங்களை எந்தக் குத்தத்துக்குத் தண்டிப்பீங்க?”

மத்தியானம் வரை ஒத்திவைத்துவிட்டார்களாம். மத்தியானம் வந்து, செல்லும் என்று எழுதிவிட்டார்கள். பிள்ளைகளை ஆளுக்கொரு மூலைக்கு, தண்ணி இல்லாத காவல் சாவடிகளாகப் பார்த்து அனுப்புகிறார்கள். போகட்டும். போகிற இடத்திலெல்லாம் சொல்வார்கள்.

கர்னலுக்குக் கட்டாய ஓய்வு. தம்பிக்குப் பதவி பறிப்பு, மூன்று மாதம் சிறை. எனக்குப் பணிநீக்கம், இந்த வீட்டையும் காலி செய்யவேண்டும். தம்பி மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் குழந்தையை இங்கே அனுப்பிவைக்கிறாள், அத்தையிடம் விளையாட. அது போதும் இப்போதைக்கு.

பயமாக இல்லையா என்று அவர் கேட்டார். இருக்கிறது என்றேன். வருத்தம்? கொஞ்சம்கூட இல்லை.


ஜூலை 8, செவ்வாய்

இன்று சீருடையைத் திருப்பிக் கொடுக்க முகாமுக்குப் போனேன். வாசலில் அடையாளம் கேட்டார்கள், கேட்கத்தான் வேண்டும். பண்டக அறையில் அதே பழைய ஆள்தான். தொப்பி, பெல்ட், காலணி, மழைக்கோட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். காலணியை மட்டும் கொஞ்சம் மெதுவாக வைத்தார்.

“வேற ஏதாவது பாக்கி இருக்கா மேடம்?”

“ஒன்னு இருக்கு. அதைத் தர மாட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்து, பாக்கி இல்லை என்று எழுதி முத்திரை குத்தினார்.

கிளம்பும்போது மைதானத்தில் நடைச் சத்தம் கேட்டது. அடுத்த அணி. நாளைக்கு அவர்களுக்கு அணிவகுப்பாம். தலைமையகத்திலிருந்து யார் வருகிறார்கள் என்று கேட்டேன். ஒருவரும் இல்லையாம். அந்த மைக்கைப் பிடிக்க யாருமே முன்வரவில்லையாம். புது கர்னலே முதல் வரி கொடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்களாம்.

“எந்த உறுதிமொழி?” என்றேன்.

“தாள் ரெண்டும் மேசையில கிடக்கு மேடம். ஆனா பிள்ளைங்களுக்கு ஒன்னுதான் மனப்பாடம்.”

“யார் சொல்லிக்கொடுத்தா?”

“யாருன்னு கேட்டா? எல்லா சாவடியிலேருந்தும் கடுதாசி வருது, போன் வருது.” தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, நாளை காலை கடைக்கு வர நேரமாகும், முகாம் மதிலுக்கு வெளியே கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். கடையை நாளைக்குத் திறக்கவே வேண்டாம், நானும் வருகிறேன் என்றார்.